வெறும் பாத்திரம் திரும்பக் கூடாது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. மேலாளர் அதை என் தலையில் கட்டினார். பதினேழு புரோகிராம்களை ஒரு கணினியில் அடுக்கி வைத்தேன். எடுத்தவர் பூஜ்யம். அடுத்தவர் எழுதியதைத் தொடுவது எங்கள் ஆட்களுக்கு எச்சில் இலையில் உட்காருவது மாதிரி.

"வருஷக் கடைசிக்குள்ள மூணு பிராஜெக்ட்டாவது எடுக்கணும் சார். இல்லேன்னா நீங்க ஸ்டோர்ஸ் பாத்துக்குங்க" என்றார் மேலாளர். ஸ்டோர்ஸ் என்றால் பிரிண்டர் ரிப்பனை எண்ணிக் கொடுக்கும் இடம். எண்ணுவது எனக்குப் பிடிக்கும்தான். அதற்காக நான் எம்.எஸ்ஸி. படிக்கவில்லை.

அன்று மாலை என் மனைவி பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். மறுநாள் அதையே விதியாக்கினேன்: எடுத்த புரோகிராமில் எதையாவது சேர்த்துத்தான் திருப்பி வைக்க வேண்டும், சேர்த்தவர் பெயரும் உள்ளே இருக்கும். பெயருக்கு ஆசைப்படாதவர் யார்?

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் பெண் ஒருத்தி, கல்யாண மண்டப முன்பதிவுக்காகத் தேதி சரிபார்க்கும் புரோகிராமை எடுத்தாள். ராகு காலத்தைச் சேர்த்து வைத்தாள். அடுத்து அதையே பல்லாவரத்துத் தோல் பட்டறையின் சம்பளக் கணக்குக்கு எடுத்தார்கள். ஆக, இரண்டு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பட்டறைக் கணக்கர் போன் செய்தார்.

"இன்னா சார், நேரம் சரியில்லன்னு மிஷினு சொல்லிகினு கீது? சம்பளச் சீட்டு வரல. ஆளுங்க சந்தைக்குப் போவணும், வாசல்ல நிக்கிறாங்க!"

அந்தப் பெண்ணிடம் ஓடினேன்.

"பத்தரை டு பன்னெண்டு ராகு காலம் சார். கரெக்டாத்தானே வேலை செய்யுது? வெறும் பாத்திரமா வைக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பன்னிரண்டு அடித்ததும் சீட்டுகள் தாமாக அச்சாகின. ஸ்டோர்ஸ் நாற்காலியை நினைத்தபடியே மன்னிப்புக் கேட்கப் பல்லாவரம் போனேன். ராகு காலத்தை இன்றே எடுத்துவிடுகிறோம் என்றேன்.

"எடுத்துடாத சார்!" என்றார் கணக்கர். "கெட்ட நேரத்துல துட்டு வெளிய போவாம தடுத்துச்சாம், மொதலாளி ஒரே குஷி. அவரு மச்சான் கடைக்கும் இதே மாதிரி ஒண்ணு வோணுமாம்."

மூன்றாவது பிராஜெக்ட் அப்படித்தான் வந்தது. திட்டம் மாபெரும் வெற்றி என்று தலைமையகத்துக்கு எழுதிய மேலாளர், என் பக்கம் திரும்பினார்.

"அப்படியே எமகண்டத்தையும் சேத்துடுங்க சார்."

சேர்த்தேன். ஸ்டோர்ஸுக்கு அது எவ்வளவோ தேவலை.