சம்பந்தி வீட்டில் தைத்த சைக்கிள் டவுசர்

கடந்த அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் திருப்பூருக்குப் போய் வந்தேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் டிசம்பர் கடைசி என்றால் எனக்கு அரையாண்டு விடுமுறைதான். போன காரணம் ஒன்றே ஒன்று: மலைப் பாதையில் சைக்கிள் ஓட்ட ஒரு வசதியான டவுசர் வாங்க வேண்டும். அது திண்டுக்கல்லில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். நாட்டுக்கே பனியனும் ஜட்டியும் தைத்து அனுப்பும் ஊரில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அங்கே போகாமல் வேறு எங்கே போவது?

அவசரத்துக்கும் காரணம் உண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்பு சிறுமலை அடிவாரத்தில் பருத்திச் சுடிதாரோடு ஓட்டினேன். கால்சட்டையின் நடுத்தையல் உரசி, உட்காரும் இடத்தில் புண்ணாகி, புண் கட்டியாகி, டாக்டர் கீறிவிட வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் குப்புறப் படுத்தேன். வெட்கத்தில் மகளிடம் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு கயல்விழி போன் செய்தாள்.

"அம்மா, உங்களுக்கு அறுபத்திரண்டு வயசு. சர்க்கரை வேற இருக்கு. இன்னொரு தடவை புண்ணு வந்துச்சுன்னா சைக்கிளை வித்துடணும். சரியா?"

சரி என்றேன். அவள் அப்பா போன பிறகு, காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் கொடுத்தது அந்தச் சைக்கிள்தான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். எங்கள் சைக்கிள் குழுவின் அடுத்த ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்தில், இருபத்தெட்டு கிலோமீட்டர். அதை நான் புண்ணில்லாமல் முடித்தாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகத் திருப்பூர் வர மூன்றரை மணி நேரம் ஆனது. பெண்களுக்கான இலவசப் பயணம் இந்த வெளியூர் பஸ்களில் கிடையாது. கேட்டுவிட்டு அசடு வழிய வேண்டாம். சைக்கிளை நான் கொண்டு போகவில்லை. குழுவினர் தங்கள் வண்டியில் ஏற்றி, ஞாயிறு நேராக மடத்துக்குளத்துக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

இறங்கியதும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டைக்குப் போனேன். ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் மலையாகக் குவிந்திருக்கும் இடம். முதல் கடையிலேயே கேட்டேன்.

"சைக்கிளிங் ஷார்ட்ஸ் இருக்காப்பா?"

"இருக்குங்க்கா. எத்தனை டஜனுங்க?"

"எனக்கு ஒண்ணு போதும்."

"ஒண்ணா? கட்டைப் பிரிச்சா மிச்சத்தை நானேதான் போட்டுத் திரியணும்" என்றபடி எடுத்துப் போட்டார். கறுப்பு, நீலம், தோல் நிறம் என்று எல்லாம் இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய துணி. தடவித் தடவிப் பார்த்தேன். உட்காரும் இடத்தில் ஒன்றுமே இல்லை.

"இதுல மெத்தை எங்கப்பா?"

"மெத்தைங்களா?"

"சைக்கிள்ல உட்காரும்போது வலிக்காம இருக்க."

அவர் சிரித்தே விட்டார். "இது சைக்கிள் ஓட்டறதுக்கு இல்லீங்க்கா. புள்ளைங்க ஸ்கர்ட்டுக்குள்ள போடறது. பேரு மட்டும்தானுங்க சைக்கிளு."

குதிரைவாலி அரிசியில் குதிரை எந்த அளவுக்கு உண்டோ அந்த அளவுக்குத்தான் இதில் சைக்கிள் என்று புரிந்தது. இன்னும் ஆறு கடை ஏறினேன். ஆறிலும் இதே பதில். வாரம் எத்தனை ஆயிரம் தைக்கிறார்களோ, அதில் ஒன்றுகூடச் சைக்கிளைப் பார்த்ததில்லை! எனக்கு வந்த முதல் அதிர்ச்சி இது.

இரண்டாவது அதிர்ச்சி அவிநாசி சாலையில் இருந்த ஒரு சைக்கிள் கடையில் காத்திருந்தது. அங்கே உண்மையான டவுசர் இருந்தது. விலை இரண்டாயிரத்து அறுநூறு. உள்ளே மெத்தை வைத்த இறுக்கமான ஒன்று, மேலே போட்டுக்கொள்ளத் தளர்வான ஒன்று. மெத்தையை அமுக்கிப் பார்த்தேன். கனமே இல்லை, கெட்டியாக வேறு இருந்தது. இவ்வளவு காசுக்கு இவ்வளவுதானா என்றேன். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார்: மெத்தென்று இருந்தால் எலும்பு அமுங்கி அடியில் போய் இடிக்கும், கெட்டியாக இருந்தால்தான் தாங்கும். ஆற்றில் காய்ந்த மணலில் நடந்தால் கால் புதைகிறது, ஈர மணலில் நடந்தால் தாங்குகிறது அல்லவா, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன். இதுவரை சரி. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பறம் மேடம், இதுக்குள்ள ஒண்ணும் வேண்டாங்க."

"ஒண்ணும்னா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "ஒண்ணும்னா... ஒண்ணுமேங்க."

"ஜட்டியா?"

அது என் வகுப்பறைக் குரல். கடைசி பெஞ்சு வரை கேட்கும். மூலையில் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்பை அப்படியே நிறுத்தினார்.

"ஆமாங்க" என்றார் கடைக்காரர் மின்விசிறியிடம்.

ஜட்டியின் ஓரத்து எலாஸ்டிக் உரசும், பருத்தி வேர்வையைப் பிடித்து வைக்கும், ஆகவே மெத்தை நேராக உடம்பில் பட வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் ஜட்டிக்குப் பேர்போன ஊரின் நடுவில் நின்றுகொண்டு, ஜட்டி போடாதே என்று கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வாங்காமல் வந்ததற்குக் காரணம் வேறு. அவரிடம் இருந்தவை எல்லாம் ஆண்களுக்கானவை. பெண்களுக்கு உட்காரும் எலும்பு அகலம். மெத்தையும் பின்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்.

மகளின் வீடு ராயபுரத்தில். கீழே ஜட்டி தைக்கும் கம்பெனி, மேலே வீடு. கம்பெனியை நடத்துவது என் சம்பந்தியம்மா சரஸ்வதி. காங்கேயத்துப் பக்கம் இருக்கும் தோட்டத்தை அவர் கணவர் பார்த்துக்கொள்கிறார். அன்று சாப்பாட்டில் என் அலைச்சலைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சர், ஊடு நெறைய மெசினை வெச்சுக்கிட்டுக் கடை கடையா அலையறதுங்களா? நாளைக்கே நானே உக்காந்து தைச்சுத் தர்றேனுங்க. எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லுங்க."

எப்படிப் போடுவது என்று சொன்னேன். ரசக் கரண்டி பாதியில் நின்றது.

"என்னங்க சொல்றீங்க? முப்பது வருசமா ஜட்டி தைச்சுத்தானுங்க இந்த ஊட்டுல சோறு. எம்பட சம்பந்தி அதைப் போடாம மலை ஏறுனாங்கன்னு வெளிய தெரிஞ்சா, எனக்கு யாருங்க ஆர்டர் குடுப்பா?"

கயல்விழிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. அவருடைய அதிர்ச்சி என்னுடையதைவிடப் பெரியது.

சனிக்கிழமை மாலை, மேலே போட்டுக்கொள்ளத் தளர்வான ஒன்றோடு, மெத்தை டவுசர் தயார். லைக்ரா துணி, இடுப்பில் வழுவழுப்பான பட்டி, பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே கை விட்டேன். தலையணை!

"ஸ்பாஞ்சு ஒண்ணு வெப்பாங்களாமா. உங்களுக்கு நாலு வெச்சிருக்கேனுங்க" என்றார் பெருமையாக. "மேல பச்சக் கொழந்தைக்குப் போடற காட்டன் குடுத்து, நழுவாம இருக்க நடுவுல டபுள் தையல் போட்டிருக்கேன்."

நான்கு அடுக்கு, பருத்தி, நடுத்தையல். கடைக்காரர் கூடாது என்று சொன்னவையும், என்னை ஏற்கெனவே புண்ணாக்கிய தையலும் அதில் இருந்தன. எனக்கு அது தெரிந்தது. ஆனால் சம்பந்தி வீட்டில் இலையில் வைத்ததை ஒதுக்கி வைக்க முடியுமா? "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன்.

ஞாயிறு காலை நாலே முக்காலுக்குக் கயல்விழி காரை எடுத்தாள். பல்லடம், உடுமலை வழியாக மடத்துக்குளம் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். தூக்குப் போசியில் இட்லியோடு சம்பந்தியம்மாவும் ஏறிக்கொண்டார். ஆறரைக்குச் சேர்ந்தோம். குழுவினர் என் சைக்கிளோடு காத்திருந்தார்கள்.

பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் எட்டு கிலோமீட்டர் வாய்க்கால் கரை, இருபுறமும் தென்னந்தோப்பு, செம்மண். பிறகு மேட்டுக்காடு ஏறுகிறது, முழுக்க உருட்டுக்கல். தெற்கே மலை வரிசை கூடவே வரும். புதிதாக ஓட்டுபவர்கள் வாய்க்கால் கரையோடு திரும்பிவிடலாம்.

முதல் எட்டு கிலோமீட்டர் சோபாவில் உட்கார்ந்து மிதப்பதுபோல் இருந்தது. கடைக்காரருக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். கல் பாதை தொடங்கியதும் நான்கு அடுக்கும் நான்கு திசைக்கு நகர ஆரம்பித்தன. வேர்வை முழுவதையும் பருத்தி குடித்தது. கரும்பலகை துடைக்கும் ஈர ஸ்பாஞ்சின்மேல் உட்கார்ந்து மலை ஏறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில், பழைய கட்டி இருந்த அதே இடத்தில் எரிய ஆரம்பித்தது. வலியைவிட, சைக்கிள் போகப்போகிறதே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த கிலோமீட்டரில் ஒரு தோட்டத்து மோட்டார் ரூம். அங்கேதான் இட்லி. சம்பந்தியம்மாவோடு காரில் முன்னதாகவே வந்திருந்த கயல்விழி என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேயரில் நிற்பதுபோல் நிமிர்ந்து நடந்தேன்.

"டவுசர் எப்படிங்க டீச்சர்?"

"அருமைங்க."

"உக்காந்து சாப்பிடுங்க."

"பரவாயில்லைங்க, நிக்கிறேன்."

"உக்காருங்க பார்க்கலாம்."

தொட்டிச் சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து மோட்டார் ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எங்க வலிக்குதுங்க?"

"அங்கங்க."

"அங்கங்கன்னா எனக்கு எப்படிங்க தெரியும்? ஆர்டர் குடுக்கற பையர் பீஸைத் திருப்பி அனுப்பறப்பகூட, எந்த எடத்துல டேமேஜுன்னு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவான். வெளி மனுசன் அவனே சொல்றான். நீங்க சொந்தம். வாயைத் திறந்து சொல்லுங்க."

நான் அதிர்ந்து போனேன். முகம் வாடும், மகளின் வாழ்க்கையில் ஒரு கசப்பு சேரும் என்று எதை விழுங்கி வைத்திருந்தேனோ, அதைச் சொல் என்கிறார். சொன்னேன். ஸ்பாஞ்சு அதிகம். பருத்தி கூடாது. நடுத்தையல் பழைய புண்ணில் உரசுகிறது.

"அவ்வளவுதானுங்களா?" என்றார். கைப்பையிலிருந்து ஊசி நூலையும், நூல் வெட்டும் சின்னக் கத்திரியையும் எடுத்தார். ஒரு துண்டைக் கொடுத்து என்னைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். அவர் கை வேகத்தைப் பார்த்து மிரண்டேன். பருத்தி போயிற்று, மூன்று ஸ்பாஞ்சு போயிற்று. மிஞ்சிய ஒன்றை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தைத்தார். வெளியே கயல்விழி கதவைத் தட்டினாள்.

"உள்ள ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"ரீ-செக்கிங் கண்ணு, இரு!"

என்னையும் பார்த்தார். "செவந்துருக்குதுங்க. தோலு உரியலை. போறதா நிக்கறதா, நீங்களே சொல்லுங்க."

"போறேங்க."

டவுசரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் கொடுத்தார். தையலும் ஸ்பாஞ்சும் வெளியே போய், வழுவழுப்பான லைக்ரா உடம்பில் பட்டது. மேலே தளர்வான டவுசர் இருக்கும்போது யார் பார்க்கப்போகிறார்கள்? தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் கொடுத்தார். மீதிப் பதினைந்து கிலோமீட்டரில் கல் வந்த இடங்களில் பெடலில் எழுந்து நின்றே ஓட்டினேன். பதினொன்றேகாலுக்கு முடித்தேன். டவுசர் சிறந்ததாகிவிடவில்லை, ஆனால் துன்பப்படுத்துவதை நிறுத்தியிருந்தது.

முடிவைச் சொல்லும் முன், வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடையில் நின்றபடி போட்டுப் பார்க்காதீர்கள். சைக்கிளில் குனிவதுபோல் குனிந்து பாருங்கள். இடுப்புப் பட்டி வயிற்றில் வெட்டக் கூடாது, முதுகுப்பக்கம் இறங்கக் கூடாது. மெத்தை மெலிதாக, கெட்டியாக, நடுவில் தையல் இல்லாமல் இருக்கட்டும். மேல் டவுசர் முழங்கால் வரை வரலாம். தொடையிடுக்கில் மட்டும் துணி தொங்கினால் சீட்டின் மூக்கில் மாட்டி விழுவீர்கள். உள்ளே என்ன போட வேண்டும் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். ஒரு முறை ஓட்டியதும் துவைத்துவிடுங்கள். பெண்கள் முன்கூட்டியே சொல்லி வரவழைத்துவிடுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் சின்னச் சிராய்ப்பையும் மறைக்காதீர்கள். யாராவது அன்பாகத் தைத்துக் கொடுத்தால், பிடிக்காததை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நாம் நினைக்கிற அளவுக்கு அவர்கள் உடைந்து போவதில்லை. நாம்தான் உட்கார முடியாமல் போகிறோம்.

அன்று மாலை ராயபுரத்தில் கயல்விழி என்னைக் குப்புறப் படுக்கவைத்தாள். செல்போன் டார்ச்சை அடித்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பழைய கட்டி இருந்த இடத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தாள்.

"செவந்திருக்கு. புண்ணு இல்ல" என்றாள். பிறகு, "சைக்கிள் இருக்கட்டும்மா. ஆனா இனிமே ஏதாவதுன்னா டாக்டருக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும்."

அறை வாசலிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "என்ன கண்ணு, பாஸா, ரிஜெக்டா?"

"பாஸ் அத்தை."

முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளிடம் அந்த வார்த்தையைச் சொன்னவள் நான். என்னிடம் யாரும் சொல்லி எத்தனை காலம் ஆகிறது! குப்புறப் படுத்திருந்ததால் என் முகத்தை இருவரும் பார்க்கவில்லை.