விரதத்துக்கு ஆகாத மாத்திரை

ஜொகூர் மாநிலத்து மாசாயிலிருந்து சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் ரூபேந்திரனுக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. அவருடைய விரல் மூட்டுகளைப் பார்த்தால் அவை அவருக்கு முன்பே பிறந்து, இப்போது ஓய்வு பெறக் காத்திருப்பவை போல் தெரியும். காலையில் அவை மடங்காது. வெந்நீரில் ஊற வைத்து, ஒவ்வொன்றாகக் கெஞ்சி எழுப்பிய பிறகுதான் பிரேக்கைப் பிடிக்க வலது கை சம்மதிக்கும். பிரேக் பிடிக்க முடியாவிட்டால் எல்லைப் பாலத்தைத் தாண்ட முடியாது. தாண்டாதவனுக்குச் சிங்கப்பூரில் வேலை இல்லை. ஆக, அந்தக் குடும்பமே அந்த ஒரு கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

நோய்க்குப் பெயர் மூட்டு அழற்சி. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்குள் புகுந்து சாமான்களை உடைக்கிற நோய் என்று கிளினிக் டாக்டர் ஸ்டெஃபனி விளக்கினார். பரம்பரையும் ஒரு காரணம்தான். ஆனால் சிகரெட், தூக்கமின்மை, கண்ட சாப்பாடு, மன உளைச்சல் எல்லாம் சேர்ந்து அந்த நெருப்பை ஊதிவிடும் என்றார்.

"எத்தன மணி நேரம் தூங்குறீங்க?"

"நாலு. ஞாயித்துக்கிழம கூட ஒண்ணு."

"எட்டு மணி நேரம் தூங்கணும்."

"ஜாம்ல நிக்கிற நேரத்தச் சேத்துக்கலாமா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவரே இன்னும் பசியாறவில்லை.

ரூபேந்திரன் கெட்டுப்போன மனிதர் அல்லர், நேரமில்லாத மனிதர். எல்லையைத் தாண்டியதும் பொட்டலக் காப்பி. மதியம் கிடங்கின் மூலையில் சுடுநீர் ஊற்றிய மீ நூடுல்ஸ். மாலையில் புகையையும் வெயிலையும் குடித்துத் திரும்பி வந்து, தமிழ் முஸ்லிம்களின் மமாக் கடையில் வறுத்த மீ கோரேங், பால் தூக்கலாக ஆற்றிய தே தாரிக் டீ, இரண்டு சிகரெட். இவை எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்த பெயர் 'அசதிக்கு'. மூட்டு வலிக்கு அவர் கண்டுபிடித்த காரணங்களோ வேறு: கிடங்கின் குளிர், பின்வீட்டுக்காரரின் கண், கிரகம். தட்டும் தூக்கமும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதே இல்லை.

மருந்து ஆரம்பித்த வாரத்திலேயே முருகனுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தார். விரல் நேரானால் தைப்பூசத்துக்குக் காவடி. சில மாதங்களில் வீக்கம் வற்றியது. நன்றி முழுவதும் முருகனுக்கே போயிற்று. மாத்திரைக்குக் கோயில் இல்லை, பாவம்.

விரதம் தொடங்கியபோது காவடிக் குழுவை நடத்தும் செல்லப்பன் வீட்டுக்கு வந்தார். மேசையில் இருந்த மருந்துப் பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் குழாய் மாத்திர, அதான் கேப்சூல், அதோட ஓடு எதுல செய்றான் தெரியுமா?"

"எதுலண்ணே?"

"ஜெலட்டின். பன்னி, மாடு எலும்புலருந்து எடுக்கிறது. முஸ்லிம்களும் வர்ற கவர்மெண்ட் கிளினிக்ல பன்னியக் குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்."

"அப்ப மிச்சம் இருக்கிறது என்ன? மாடு. மாட்ட முழுங்கிட்டு முருகன் முன்னால நிக்கப் போறியா?"

"அலமாக்" என்று மலாயில் பதறினார் ரூபேந்திரன். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லாருடைய உணவு விலக்குகளையும் மனப்பாடம் செய்து வளர்ந்த ஊர் இது. செல்லப்பனின் கணக்கில் அவருக்கு ஓர் ஓட்டையும் தெரியவில்லை.

மனைவி பிரவீனாவுக்குத் தெரிந்தது. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. ஒன்று கோளாறு என்றால் பெட்டியையே குப்பையில் போடுகிறவர் அல்லர்.

"ஒண்ணுதாங்க குழாய். மத்ததெல்லாம் வெறும் மாத்திர. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்துங்களேன்."

"சாமி காரியத்துல டாக்டர் எதுக்கு?"

"வலிச்சா சாமியா மோட்டார் ஓட்டும்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக, பை முழுவதும் அலமாரியின் உச்சிக்குப் போனது.

விரதம் பிரமாதமாக நடந்தது. பகலெல்லாம் பட்டினி. மாலையில் சைவக் கடையில் சைவ மட்டன், சைவ மீன், சைவக் கோழிப் பொரியல். மாவையும் சோயாவையும் உப்பையும் சாயத்தையும் எண்ணெயில் போட்டு எடுத்தால் மட்டனின் உருவம் வந்துவிடும். உயிர் இல்லாததுதான் சைவம் என்றால் அது அசல் சைவம்; உயிரும் இல்லை, சத்தும் இல்லை. சிகரெட்டை நிறுத்தினார். அந்த ஒரு நல்ல காரியத்தையும் வேப் என்கிற மின்சிகரெட்டைப் பிடித்துச் சரிக்கட்டினார். வேப்பில் மாடு இல்லை. தினமும் வேலை முடிந்து பஜனை, பஜனை முடிந்து காவடிப் பயிற்சி. நாலு மணி நேரத் தூக்கம் மூன்றானது.

விரல்கள் மறுபடி வீங்கின. "முருகன் சோதிக்கிறாரு" என்றார் செல்லப்பன். மருந்தை நிறுத்தினால் வருவதற்கும் சோதனை என்றே பெயர் வைத்துவிட்டால், யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

தைப்பூசத்தன்று காவடியைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். கைப்பிடியைப் பிடிக்க ரூபேந்திரனின் விரல்கள் மடங்கவில்லை. குழு நின்றது. உறுமிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செல்லப்பன் யோசிக்கவே இல்லை; தன் மஞ்சள் துண்டைக் கிழித்து, இரண்டு கைகளையும் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினார்.

"இப்ப போலாம்."

ஒவ்வோர் அடிக்கும் ரூபேந்திரனின் முகம் கோணியது. சாலையோரம் நின்றவர்கள் அதை அருள் என்று நினைத்துக் கைப்பேசியைத் தூக்கினார்கள். சாயங்காலத்துக்குள் அந்தக் காணொளி மாசாய் முழுக்கச் சுற்றியது. 'கையைக் கட்டிக்கொண்டு காவடி, இதுதான் பக்தி' என்று எழுதி வணங்கும் கைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதே நேரத்தில், அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரருக்குப் பிரவீனா தேக்கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"பிரேக்கப் பிடிக்க முடியாது பிரவீனா" என்றார் அவர்.

மறுநாள் காலை பிரவீனா மோட்டாரை எடுத்தார். கல்யாணமாகி முதல் முறையாக ரூபேந்திரன் பின்னால் உட்கார்ந்தார், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. கிடங்கு மேலாளரிடமிருந்து எப்போது வருவாய் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. பதில் தட்ட விரல் இல்லை.

டாக்டர் ஸ்டெஃபனி ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார்.

"குழாய் மாத்திர வயித்தப் பாத்துக்க மட்டுந்தான். வேணாம்னா வேற குடுத்திருப்பேன். மூட்டுக்கான மருந்து அந்தச் சின்ன மாத்திர. அத ஏன் நிறுத்துனீங்க?"

"ஒரே பையில இருந்துச்சு டாக்டர்."

டாக்டர் புது மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார். "மறுபடி ஆரம்பிப்போம். வீக்கம் குறையும். ஆனா இந்த ரெண்டு விரலும் இனி முழுசா மடங்குமான்னு என்னால சொல்ல முடியல. நல்லாத் தூங்குங்க. டென்ஷன் ஆவாதீங்க."

"பிரேக் பிடிக்க எத்தன விரல் போதும் டாக்டர்?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தன் கையை நீட்டி, "இதப் பிடிங்க. எவ்வளவு முடியுதோ அவ்வளவு அழுத்துங்க" என்றார்.

ரூபேந்திரன் பிடித்தார். நெற்றியில் வேர்த்தது.

"ம், அழுத்துங்க."

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டர்."