எட்டாம் நாள் சோறு

முதலில் தெரிந்தது ஷூவில்தான். சத்தியவேடு பக்கம் செல்போன் தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. ஒரு நாள் ஷூவைக் கழற்ற முடியவில்லை. நின்று நின்று வந்த வீக்கம் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் நூற்றெண்பது. கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருந்தது. உப்பைக் குறைக்காவிட்டால் மாத்திரை கேட்காது, அழுத்தம் இறங்காவிட்டால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போகும், அப்புறம் டயாலிசிஸ்தான் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்றார் டாக்டர்.

சமைப்பவள் அம்மா. அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

மாதங்கள் போயின. இரண்டு மாத்திரை நான்காயிற்று. அழுத்தம் அசையவில்லை.

“உப்பு மானேசாவாம்மா?” என்று டாக்டர் தெலுங்கில் கேட்பார். “விட்டுட்டேன் சார்” என்பேன். நம்பாத முகத்தோடு எழுதுவார். அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழி கேன்டீன் சாம்பார் மேல் விழுந்தது. வேலையை விட்டேன். மூன்று வேளையும் அம்மா கைச் சாப்பாடு. அழுத்தம் இன்னும் ஏறியது.

டாக்டர் ஒரு கேனைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்து வரச் சொன்னார். உடம்புக்குள் போன உப்பு அதில் தெரிந்துவிடுமாம். தெரிந்தது. “ரெண்டு பேர் சாப்பிடுற உப்பும்மா இது” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவை நிற்க வைத்துக் கேட்டேன்.

“போட்டேன்டி. இன்னா இப்போ? உங்க நைனா செத்த எட்டாம் நாளு உப்பில்லாம ஆக்கிப் படைச்ச கை இது. உசுரோட குந்திக்கினு கீற பொண்ணுக்கும் அப்பிடியே ஆக்கச் சொல்றியா?”

“எனக்கு அந்தச் சோத்த ஆக்கத்தான் நீ அவசரப்பட்டுக்கினு கீற” என்றேன். அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

புளியையும் காரத்தையும் கூட்டி உப்பை மறைத்திருக்கிறாள். ஆனால் குழம்பு ருசியாகத்தான் இருந்தது. எப்படி இவ்வளவு ருசி என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. என் மேல் எனக்கிருக்கும் கோபம் அதுதான். இதைப் படிக்கிறவர்கள் டாக்டரை முறைப்பதற்கு முன் அடுப்படியில் போய் நின்று பாருங்கள்.

இப்போது எனக்கு நானே ஆக்கிக்கொள்கிறேன். அழுத்தம் நூற்று முப்பதுக்கு இறங்கிவிட்டது. டயாலிசிஸ் தள்ளிப் போயிருக்கிறது. போன சிறுநீரகமும் போன வேலையும் திரும்பாது. கம்பெனி பஸ் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. என் நாட்களோ ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததற்குப் போகின்றன. நாக்கும் மாறிவிட்டது. வெறும் தக்காளியிலேயே உப்பு தெரிகிறது.

நான் சாப்பிடும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி. நான் இடத்தை மாற்றி அவள் எதிரிலேயே உட்காருகிறேன். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடிக்கிறேன்.