எஞ்சினில் காய்ந்த துணிகள்

1958ஆம் வருடம், கார்த்திகை மாதம். திண்டிவனத்தில் அம்மா வீட்டில் தலைப்பிரசவம் முடிந்து, மூன்று மாதக் குழந்தையோடு விழுப்புரத்தில் இருந்த புகுந்த வீட்டுக்குக் கிளம்பினேன். கூட்டிப்போக என் கணவர் வந்திருந்தார். ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அன்றைக்கு மட்டும் ஒரு பகல் முழுக்க ஆனது.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு டயபர் வந்துவிட்டது. எங்களுக்கு மூத்திரத் துணிதான். அப்பாவின் பழைய வேட்டிகளை அம்மா கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து அடுக்கி வைத்திருந்தாள். புதுத் துணி உதவாது, உறுத்தும். துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டிதான் பிஞ்சுத் தோலுக்கு இதம். முக்கோணமாக மடித்து இடுப்பில் முடிச்சுப் போட்டால் அரை மணி நேரத்துக்குக் கவலையில்லை என்பார்கள். என் மகள் அந்த அரை மணியைக்கூட எனக்குக் கொடுத்ததில்லை.

அந்த வாரம் முழுக்க அடைமழை. என் அம்மாவோ, விளக்கு வைத்த பிறகு குழந்தைத் துணி கொடியில் கிடக்கக்கூடாது, அதன் மேல் பறவை பறந்தால் குழந்தைக்கு ஆகாது என்பவள். காய்ந்ததோ இல்லையோ, பொழுது சாய்ந்தால் எல்லாவற்றையும் உருவி உள்ளே போட்டுவிடுவாள். கிளம்புகிற அன்று ராகு காலத்துக்கு முன்னால் வாசல்படி தாண்டவேண்டும் என்று இன்னொரு பிடிவாதம். காய்ந்த துணி கொஞ்சம்தான் தேறியது. மீதியை ஈரத்தோடு ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள்.

"வண்டியில காத்து அடிக்கும்டி, போற வழியிலேயே காஞ்சிடும்" என்றாள். மழையில் ரயில் ஜன்னலை எவன் திறந்து வைப்பான்? அவளிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

குழந்தை அப்போதுதான் நெஞ்சுச் சளியிலிருந்து மீண்டிருந்தாள். ஈரம் பட விடாதே, மறுபடி சளி பிடித்தால் கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

என் கணவர் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். மூட்டைகளோடு பேசிப் பழகியவர் போல, மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். பெரியவர்கள் எதிரில் ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தூக்குவது அந்த நாளில் மரியாதைக் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அறை வாசலிலேயே நின்று பார்ப்பார். "பால் குடிக்கிதா?" என்பார். காப்பி குடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். குழந்தை பிறந்த சேதியைச் சொன்னபோது "பொண்ணா?" என்று மட்டும் கேட்டாராம். என் அண்ணன் வந்து சொன்னான். அந்த ஒரு சொல்லை மூன்று மாதமாக மனசுக்குள் மென்றுகொண்டிருந்தேன். இந்த மனிதருக்குக் குழந்தை மேல் ஆசையே இல்லையோ என்ற பயத்தோடுதான் ரயிலேறினேன்.

பேரணி ஸ்டேஷன் தாண்டி வண்டி நின்றது. முன்னால் தண்டவாளத்தில் ஏரித் தண்ணீர் ஏறிவிட்டதாம், ஆட்கள் பார்த்துச் சொன்னால்தான் நகருமாம். மதியமும் கடந்தது. காய்ந்த துணிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. எதிரில் கோலியனூர்க்கார அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"துணி ஆயிப்போச்சாம்மா? என் பொடவையக் கிழிச்சித் தரலாம்னா அதுவும் தொப்பலா நனைஞ்சிக்கினு இருக்குதே" என்று வருத்தப்பட்டார்.

என் மாற்றுப் புடவைகள் இருந்த பெட்டியை அண்ணன் பின்னால் கொண்டுவருவதாக ஏற்பாடு. கட்டியிருந்த புடவையின் முந்தானையைக் குழந்தைக்குச் சுற்றினேன். சற்று நேரத்தில் அதையும் நனைத்துவிட்டாள். பாதம் இரண்டும் சில்லிட்டுப்போயின. லேசாக இருமினாள். பக்கத்தில் என் கணவர், சாத்தியிருந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று கேட்டுவிட்டேன். கல்யாணமாகி அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் குழந்தையைப் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் இருந்த ஈரத்துணி மூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் இறங்கிப் போனார். குழந்தைத் துணியை ஆம்பளை தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"எங்கம்மா போறாரு ஒன் ஊட்டுக்காரரு?" என்றார் கோலியனூர் அம்மா. எனக்கு மட்டும் என்ன தெரியும்?

வெகுநேரம் ஆயிற்று. திடீரென்று எஞ்சின் ஊதியது. வண்டி நகர்ந்தது. அவர் வரவில்லை. கதவருகே ஓடிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோலியனூர் அம்மா குழந்தையை வாங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அழுவாதம்மா. எங்கியாச்சும் ஒரு பொட்டியில ஏறிக்கினு இருப்பாரு. கொழந்தைய உட்டுட்டு எங்க போயிடுவாரு?"

எனக்கு இருந்த சந்தேகமே அதுதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஊர்ந்து ஊர்ந்து விக்கிரவாண்டியில் வண்டி நின்றது. கரி பூசிய முகத்தோடு ஒருவர் எங்கள் பெட்டிக்குள் ஏறினார். பயந்துபோய்ப் பின்வாங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, இவர்தான். சட்டைக்குள் வயிறு உப்பியிருந்தது. பொத்தானைக் கழற்றி உள்ளேயிருந்து துணிகளை எடுத்தார். காய்ந்து, மொறமொறவென்று, இளஞ்சூடாக இருந்தன.

"எஞ்சின்ல பாய்லர் பக்கத்துல காய வச்சேன். ஜல்தி கட்டு, சூடு ஆறிடப்போவுது" என்றார்.

நான் ஒரு துணியை இடுப்பில் கட்டுவதற்குள், இன்னொன்றை அவரே எடுத்துக் குழந்தையின் பாதங்களைப் பொத்திப் பிடித்தார். பெட்டியில் அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் அவருக்கு இல்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. குதிகாலில் அவருடைய கரி விரலின் தடம் அப்படியே பதிந்துவிட்டது. குழந்தை இருமலை நிறுத்திக் கண்ணை மூடினாள்.

"இன்னும் நாலு துணி ஈரமா இருக்குது. காய வச்சிக்கினு வர்றேன்" என்று மறுபடி எஞ்சினுக்கு ஓடினார். அதனால் விழுப்புரத்தில் இறங்கியதும், அவரைத் தேடிக்கொண்டு நான்தான் பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்தேன். இவர் கீழே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டிய டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாம்மா. இதான் பாப்பாவா? கொஞ்சம் தூக்கிக் காட்டு. வழியெல்லாம் இவரு வாயே மூடலைம்மா, எங்களுக்கு ஒரே பேஜாரு. தூங்கி எழுந்தா மொதல்ல எடது கண்ண மட்டும் தொறந்து, யாரு இருக்காங்கன்னு பாத்துக்கினு, அப்புறந்தான் அடுத்த கண்ணத் தொறக்குமாமே?"

"சும்மா இருங்க" என்று இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் கரி இருந்ததால் வெட்கம் தெரியவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று மாதமாக ராப்பகலாகக் கூடவே கிடந்த எனக்கு அது தெரியாது. மறுநாள் காலையில் குழந்தை விழிப்பதற்காகக் காத்து உட்கார்ந்திருந்தேன். முதலில் இடது கண்தான் திறந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு வலது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் இந்த மனிதர் என்னவெல்லாம் பார்த்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வீட்டில் அவர் பழையபடி வாசலில் நின்று "பால் குடிக்கிதா?" என்று கேட்கிறவராகவே இருந்தார். நான் அதற்கப்புறம் ஒரு நாளும் பயப்படவில்லை.

இப்போது அவர் இல்லை. மகளுக்கே தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்க்க வந்து மதியத்தில் அவள் கண்ணயரும்போதெல்லாம் நான் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அந்த இடது கண் திறக்கிற நேரத்தில், அவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.