அப்பாவின் சூளை

என் மகள் போனில் என் அக்காவிடம் ஆங்கிலப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "புட் ஆஃப்னா தள்ளிப்போடுறது, தட்டிக்கழிக்கிறது, அடுத்தவங்க ஆசையக் கெடுக்கிறது." எனக்கு அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த புகை வாசனை நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்குப் பீங்கான் பொம்மை சுடும் சூளையில் வேலை. தீயை நிறுத்தினாலும், சூளை தானாக ஆறும்வரை கதவைத் திறக்க மாட்டார்கள். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் பொம்மையெல்லாம் விரிசல் விட்டுவிடும்.

அக்கா பன்னிரண்டாவது படித்தபோது வேப்பூரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார்தான் அப்பாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். முகத்துக்கு நேரே மறுக்க முடியாது.

"சூளை ஆறட்டுங்க, பேசிக்கலாம்" என்றார் அப்பா. அடுத்த முறை வந்தபோதும் அதையே சொன்னார். பொய்யில்லை, ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது எரியத் தொடங்கிவிடும்.

"உங்க சூளை எப்பதான் ஆறும்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நல்ல இடம் கைவிட்டுப் போச்சே என்று அம்மா புலம்பினாள். அக்கா காலேஜுக்குப் போனாள்.

போனில் அக்கா சொன்னாள்: "இன்னொரு அர்த்தம் இருக்குது, எழுதிக்க. சூளை ஆறட்டும்."

"புக்குல இல்லியே, பெரியம்மா."

"எங்க வூட்ல இருந்துச்சு."