பொட்டு வைத்த போன்கள்

உலகம் அடுத்த மாதம் படப்போகிற பாட்டை இந்த மாதமே பட்டுப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். போனுக்குப் புதிய இயங்குதளம் ஊருக்கு வெளிவர முன்னம், 'பீற்றா' என்ற பெயரில் அரைவேக்காடாக ஒன்று வரும். அதைச் சோதனைப் போன்களில் ஏற்றி, லண்டன் கொம்பனி ஒன்றின் மருத்துவச் செயலி அதில் ஓடுகிறதா விழுகிறதா என்று பார்ப்போம். "புதுப்பிக்கவா?" என்று போன் கேட்க, ஓம் என்று அழுத்திவிட்டுத் தலையில் கைவைத்த ஆள் நீங்கள் என்றால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். நாங்கள் அதையே சம்பளத்துக்குச் செய்கிறோம்.

கிளிநொச்சியில் ஒரு வீட்டின் மேல்மாடிதான் எங்கள் கந்தோர். நான், பிரதீபன், பொறுப்பாளர் சிவரூபன் அண்ணை, அவ்வளவுதான். லண்டன்காரர் பரீட்சார்த்தமாகத்தான் வேலை தந்திருந்தார்கள். உருப்படியாக ஒரு பிழையாவது பிடித்துக் கொடுக்காவிட்டால் கந்தோரை மூடிவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதுதான். எனக்குக் கொழும்பு அறவே ஒத்துவராது. அங்கே வாடகை அறையில் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆள் போயிட்டார்

முதல் பீற்றாவைக் கணினியிலிருந்து வயர் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தோம். இடையில் நிறுத்த வேண்டாம் என்று திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. அதை எழுதிய புண்ணியவானுக்கு எங்கள் ரோட்டில் கறண்ட் வயருக்கு மேல் சாய்ந்து நிற்கிற தென்னையைத் தெரியாது. ஓலை விழுந்தது, கறண்ட் போனது, கணினி அணைந்தது. கணினிக்கென்று வாங்கிய பற்றரிப் பெட்டியைப் பிரதீபன் தன் காற்றாடிக்குப் பூட்டியிருந்தான். காற்று நன்றாக வந்தது.

போன் பாதி புதுசும் பாதி பழசுமாக மூச்சை நிறுத்திக்கொண்டது. சந்தையடியில் போன் திருத்துகிற நசீர் நானாவிடம் கொண்டு ஓடினேன். அழுத்தினார், சூடாக்கினார், காதில் வைத்துக்கூடப் பார்த்தார். கடைசியில் என் கையில் திருப்பித் தந்து சொன்னார்: "பிள்ளை, ஆள் போயிட்டார். ஆனா கண்ணாடி நல்லா இருக்கு, முகம் பாத்துத் தலை இழுக்கலாம்."

சித்தப்பாவின் அவசரம்

துணுக்காயில் வயல் செய்கிற என் சித்தப்பாவுக்கு, ஊரில் ஒருத்தரிடமும் இல்லாதது தன் போனில் இருக்க வேண்டும். பீற்றா முழுதாக வேகாத சாமான் என்று எவ்வளவோ சொன்னேன். எனக்குப் பெருமை பிடித்துவிட்டது என்றார். பிறகு ஒரு பை பாலைப்பழத்தோடு பிரதீபனைப் பிடித்தார். காரியம் முடிந்தது.

அடுத்த நாளே ஒலிவாங்கி செத்துவிட்டது. மற்றவர்கள் கதைப்பது அவருக்குக் கேட்கும், அவர் கதைப்பது ஒருவருக்கும் கேட்காது. பிழை ஒன்று அகப்பட்டதென்று துள்ளிக்கொண்டு லண்டனுக்கு எழுதினேன். "எங்களிடம் அப்படி வரவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பழைய பதிப்பையே திரும்ப ஏற்றலாம் என்று துணுக்காய்க்குப் போனால், சித்தி என்னைப் படலையடியிலேயே மறித்தா. "கலியாணம் கட்டின நாளில இருந்து, வயலில நிக்கிற மனுசனுக்கு நான் போன் எடுத்தா ஒரு வசனம் முடிக்க விட்டதில்லை. இப்பதான் முழுக்கக் கேக்கிறார். ஒரு கிழமைக்கு உப்பிடியே விடு பிள்ளை."

போனுக்கு நெற்றி எது?

சரஸ்வதி பூசை வந்தது. சிவரூபன் அண்ணை சோதனைப் போன்களைப் படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு வைத்தார். போனுக்கு நெற்றி எது என்று கேட்டேன். "மேல் நடுதான், வேறெங்க?" என்றார். பூசையில் வைத்த பொட்டை அழிக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. கொஞ்ச நாளில் கண்ணுக்கும் பழகிவிட்டது.

அடுத்த பீற்றாவை ஏற்றியபோது, பதிந்த முகத்துக்குத்தான் திறக்க வேண்டிய செயலி, ஒரு போனில் மட்டும் முகத்தைப் பார்க்காமலே நோயாளிகளின் விபரங்களைத் திறந்து காட்டியது. எனக்குத் திறந்தது. பிரதீபனுக்கும் திறந்தது. கீழ்வீட்டு அக்காவின் கைக்குழந்தையைப் பிடித்துக் காட்டினோம், அதற்கும் திறந்தது. லண்டனுக்கு அவசரமாக எழுதினேன். "எங்களிடம் அப்படி வரவில்லை." சிவரூபன் அண்ணை கதிரையில் சாய்ந்து, "கொழும்பில அறை பாக்கத் தொடங்கு பிள்ளை" என்றார். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. வந்த ஆத்திரத்தில் அந்தப் போனை அழுத்தித் துடைத்தேன், பொட்டும் சேர்ந்து போனது. உடனே போன் நல்ல பிள்ளையாக முகத்தைக் கேட்டது.

அந்தப் போனுக்குக் கமரா மேல் நடுவில். மற்றவற்றுக்கு ஓரத்தில். சந்தனம் கமராவை மூடினால், முகம் சரியா என்று செயலி கேட்கப் புதிய பதிப்பு பதிலே சொல்லாது, எங்கள் செயலி அதை ஓம் என்று எடுத்துக்கொள்ளும். "வெளியில சொல்லாத, மானம் போயிடும்" என்றார் அண்ணை. மானத்தை வைத்துக்கொண்டு கொழும்பில் என்ன செய்வது? நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினேன்.

மறுநாள் லண்டன் பொறுப்பாளர் எலன் வீடியோவில் வந்தா. கையில் ஒரு போன், அதன் நெற்றியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. அவா சொன்னா: "எங்களிடம் சந்தனம் இல்லை, வெண்ணெய் பூசினேன். திறந்துவிட்டது. இதோடு வெளியிட்டிருந்தால் நாங்கள் தொலைந்திருப்போம். நீங்கள் அங்கேயே இருந்து எல்லாப் போனுக்கும் பொட்டு வையுங்கள்."

நாலு வருசம் கணினி படித்த நான், இப்போது ஒவ்வொரு பீற்றாவுக்கும் சந்தனம் குழைக்கிற உத்தியோகத்தில் நிரந்தரமாகிவிட்டேன்.