ஜாமீன் போட்ட தோப்புக்காரம்மா

சிதம்பரத்தில் என் கல்லூரி மூலம் கிடைக்கவிருந்த படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதாகச் சொன்ன மாமா, கடைசி நாளில் கைவிரித்துவிட்டார். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். பக்கத்தில் காடாம்புலியூர் முந்திரித் தோப்புக்காரம்மா ஒருவர். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்கள். எதற்கெடுத்தாலும் என் தொடையில் தட்டிச் சிரித்தார்.

விஷயத்தைக் கேட்டதும், "தோப்புக்குக் கிஸ்தி கட்டின ரசீது பையிலயே இருக்குது. நான் போடறேன், வா!" என்றார்.

"என்னை யாருன்னே தெரியாதேம்மா?"

"காலேஜ் ஆபீஸ உள்ள போயி பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைடி!"

அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் பெயரை வரைந்தார். முடித்ததும் குமாஸ்தாவின் மேசையைத் தட்டிச் சிரித்தார், அவரும் சிரித்துவிட்டார். நாங்கள் இருவரும் பைத்தியங்கள்போலச் சிரித்தபடி படியிறங்கி ஓடினோம்.

அவர் விலாசத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை; அது அந்தப் பத்திரத்தோடு போய்விட்டது. வேலைக்குப் போய்க் கடனை முழுவதும் கட்டினேன். கட்டாமல் விட்டிருந்தால், என்னைப் பற்றி அவருக்கு ஒரு கடிதமாவது போயிருக்கும்.